செபமாலை நின்ற இடம்

என் கணவர் லூர்து செபமாலை சொல்லும் வேகத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு. பூந்தமல்லிக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி சொல்கிறார் என்பார்கள். செபமாலையில் மங்கள வார்த்தை செபம் திரும்பத் திரும்ப வரும். முதல் பாதியை முன்னின்று சொல்பவர் சொல்வார், மறு பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். லூர்து தன் பாதியை ஒரே மூச்சில் முடிப்பார். நாங்கள் எங்கள் பாதியை முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சல். மாதாவுக்கே மூச்சு வாங்கும் என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். அவர் மாறவில்லை.

அந்த வேகம் ஒரு மே மாதத்தில் குறைந்தது. கொரோனாவின் இரண்டாவது அலை அப்போது உச்சத்தில் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் அதற்கு முன்பே வந்துவிட்டது, ஆனால் காய்ச்சல் அப்போது வீட்டுக்கு வீடு இருந்தது. அவர் உயிருக்கு ஆபத்து என்று எங்களுக்குச் சொன்னது இந்த வேகக் குறைவுதான். அதையும் முதலில் புரிந்துகொண்டவள் நான் இல்லை. அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை, நாளை இதே நிலையில் நிற்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. பெயரில் இருப்பது உடம்பிலும் இருக்கிறதா என்று எல்லா டாக்டர்களும் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். வந்த சரக்கைக் கண்ணால் பார்த்து, கையால் எண்ணாமல் வந்தது என்று சொல்லமாட்டேன். சரக்கு கொண்டுவரும் டிரைவர்கள் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். அந்தப் பிடிவாதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதல் அலையில் எங்கள் தெருமுனையில் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். பாலுக்கும் மாத்திரைக்கும் தகரத்தின் இடுக்கில் கை நீட்டிக்கொண்டு நின்றோம். அந்த அவமானம் எனக்கு மறக்கவில்லை. அதனால் இரண்டாவது அலை வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே வீட்டையே ஸ்டோர்ஸ் ஆக்கிவிட்டேன். அரிசி, பருப்பு, இன்னொரு சிலிண்டர், காய்ச்சல் மாத்திரை, கபசுரக் குடிநீர்ப் பொடி, ஆவி பிடிக்கும் கருவி, ஆக்சிமீட்டர் (விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறிய கருவி) எல்லாம் வந்தன. பின்கட்டு அறையில் ஒரு கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர், வாளி, பிளாஸ்க், போன் சார்ஜர் என்று ஒழுங்கு செய்தேன். அந்த அறைக்குள்ளேயே குளியலறையும் இருந்தது. எங்கள் மகள் ஜெனி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “மம்மி, இத்த பாத்தா வைரஸே வாடகைக்குக் கேக்கும்” என்றாள்.

அரிசிக்கும் மாத்திரைக்கும் இடம் ஒதுக்கினேனே தவிர, பயத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் போனைத் திறந்தால் யாருடையது என்று தெரியாத குரல்கள் பேசின. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்றது ஒரு குரல். போகாமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் போய்விடுவீர்கள் என்றது இன்னொன்று. வானகரம் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எல்லா ஜன்னல்களும் திறக்கும். அது எங்கள் பக்கம் திரும்பினால் எல்லா ஜன்னல்களும் மூடும்.

லூர்துவுக்கு அந்தப் பயம் வீடு தேடியே வந்திருந்தது. அவருடைய அண்ணன் சேசுராஜ் அந்த அலையின் தொடக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. லூர்து வெல்டிங் வேலை செய்கிறவர், நெருப்புக்கு முன்னால் நின்று பழகியவர். அண்ணனைப் பற்றி அவர் அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மனதைத் தேற்றிக்கொண்டார் என்று நான் நினைத்தேன். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு நாள் மதியமே வேலையிலிருந்து திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்று, “ஒடம்பு வலி. கிட்ட வராத” என்றார். அவராகவே பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் சளிப் பரிசோதனை செய்தோம். தொற்று என்று வந்தது.

எங்கள் குடும்பத்தைப் பல வருடங்களாகப் பார்க்கும் டாக்டரம்மா போனில் பேசினார். “வயசு கம்மிதான், வேற வியாதி இல்ல. வீட்லயே பாத்துக்கலாம். ஆனா ஆக்சிஜனை மட்டும் காலைல, மதியம், சாயங்காலம்னு பாருங்க. தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா எனக்குப் போன் பண்ணிட்டு நிக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்றார்.

ஆக்சிமீட்டரை எப்படி மாட்டுவது என்று முதல் நாள் கதவு இடுக்கிலிருந்து காட்டினேன். மாட்டிப் பார்த்தார், தொண்ணூற்றேழு. அதன்பிறகு மூன்று வேளையும் கதவைத் தட்டிக் கேட்பேன்.

“ஏங்க, எவ்ளோ காட்டுது?”

“தொண்ணூத்தேழு கீது.”

காலையில் கேட்டாலும் தொண்ணூற்றேழு, மாலையில் கேட்டாலும் தொண்ணூற்றேழு. டாக்டரம்மாவிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன். கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போடாதவள், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு எண்ணை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த எண்ணை நம்புவது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

மாநகராட்சி ஆட்கள் வந்து, தொற்று உள்ள வீடு என்று வாசல் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியிலிருந்தே போட்டார். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்வீட்டுத் தனம் ஜன்னலைச் சாத்தியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் சந்து எவ்வளவு குறுகல் என்றால், ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் குழம்புக் கிண்ணத்தை எட்டிக் கொடுக்கலாம். பொங்கலுக்கு அவளிடமிருந்து இங்கே வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அவளுக்குப் போகும். அவள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள மாமியார் இருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன் என்பது கோபத்தை இன்னும் கூட்டியது.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். சாதாரண வருடங்களில் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் முறைவைத்துச் செபமாலை நடக்கும். அந்த வருடம் அவரவர் வீட்டோடு சரி. முன்னின்று சொல்வது வீட்டுத் தலைவர். அந்த வழக்கத்தைக் காய்ச்சலுக்காக விட்டுக்கொடுக்க லூர்து தயாராக இல்லை. அவர் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முதல் பாதியைச் சொல்வார். ஜெனியும் நானும் இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து மறு பாதியைச் சொல்வோம். முதல் சில நாட்கள் பழைய வேகம்தான்.

பிறகு ஒரு மாலை அவர் நிதானமாகச் சொன்னார். பாதியில் ஒரு வார்த்தையில் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். அடுத்ததிலும் அப்படியே. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கழித்து இந்த மனிதர் பக்தியோடு செபம் சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தனத்தின் ஜன்னல் ஒரு கை அளவுக்குத் திறந்தது. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

“மேரிக்கா, நேத்து செபம் சொல்லசொல்லோ அண்ணாத்தே நின்னு நின்னு சொன்னாரே, இன்னா அது? எப்பவும் அப்டி சொல்ல மாட்டாரே.”

“காய்ச்சல் அசதி. ஆக்சிஜன் எல்லாம் நல்லா இருக்கு. தொண்ணூத்தேழு.” கோபம் இன்னும் குரலில் இருந்தது.

“நீ பாத்தியாக்கா?”

கையிலிருந்த ஈரத்துணியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. முகக்கவசத்தின் மேல் ஒரு துணியையும் கட்டிக்கொண்டு போய் அறைக் கதவைத் திறந்தேன்.

லூர்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மூச்சு முட்டித் தவிக்கிறவராகத் தெரியவில்லை. “இன்னா மேரி, உள்ள வந்துட்ட” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். உதடுகள் மட்டும் நீலம் பாரித்திருந்தன. ஆக்சிமீட்டர் மேஜைமேல் இல்லை. தேடியபோது தலையணைக்கு அடியில் கிடைத்தது. அவர் விரலில் மாட்டினேன். எண்பத்தாறு. கருவிதான் கெட்டுவிட்டது என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. மறுபடி அவர் விரலில். எண்பத்தாறு.

“தொண்ணூத்தேழுன்னு சொன்னீங்களே” என்றேன்.

“மொத நாளு பாத்தது தொண்ணூத்தேழு. அத்தத்தான் சொல்லிகினு இருந்தேன். அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல.”

“ஏன் பாக்கல?”

“பாத்தா தெரிஞ்சிடும்ல.” கருவியை விரலிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். “தெரிஞ்சா இட்டுகினு போயிடுவாங்க. எங்கண்ணன மாதிரி. நான் இங்கியே கெடக்கறேன் மேரி. போறதுன்னா ஊட்லயே போறேன். நீங்க மூஞ்சியாவது பாப்பீங்க.”

அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சேசுராஜ் அண்ணன் இறந்த பிறகு நாங்கள் பேசாமல் விட்ட பேச்சு முழுவதும் அந்தக் கட்டிலில் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதோடு வாதாடிப் பயனில்லை என்று தோன்றியது. எதிரில் உட்கார்ந்து, “ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்க. எப்பவும் சொல்ற மாதிரி, ஒரே மூச்சுல” என்றேன்.

தொடங்கினார். நான்காவது வார்த்தையில் நின்றது. மறுபடி தொடங்கினார், அதே இடம். மூன்றாவது முறை அந்த இடத்தையும் எட்டவில்லை. எண்ணைப் பார்க்காமல் இருந்துவிடலாம். சொந்த மூச்சு பாதியில் அறுவதைக் கேட்காமல் இருக்க முடியாது. அவர் முகத்தில் பயம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“உங்க மூஞ்சி எனக்கு உயிரோட வேணும். தினமும் ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். செபமாலை சொல்லுவோம். நீங்க எடுக்கணும்” என்றேன்.

“எடுக்கலன்னா?”

“உள்ள வருவேன். யார் தடுத்தாலும் வருவேன்.”

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். கூட்டம் அதிகம், நேரமாகும் என்றார்கள். ஜெனி கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள். தனத்தின் கணவர் முருகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பள்ளிகள் மூடியிருந்ததால் வேன் சந்து முனையில் தூசி படிந்து நின்றது. நாங்கள் கேட்கவில்லை. வேன் கிளம்பும் சத்தம்தான் கேட்டது. எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, முகத்தில் இரண்டு கவசம் போட்டுக்கொண்டு முருகன் வேனைச் சந்து வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஏறுக்கா. பயந்துகினேதான் வரேன். ஆனா வரேன்” என்றார்.

அந்த நோய்க்காலத்தில் நான் கேட்ட எத்தனையோ பேச்சுகளில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். பயமே இல்லை என்று சொன்னவர்கள் யாரும் வரவில்லை.

பைபாஸ் ரோடு காலியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு நர்ஸ் வண்டி வண்டியாக வந்து ஒவ்வொருவர் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்தார். லூர்துவின் எண்ணைப் பார்த்ததும் சக்கர நாற்காலி வந்தது. படுக்கை காலியாகும்வரை தாழ்வாரத்திலேயே ஒரு சிலிண்டரைப் பக்கத்தில் வைத்து முகமூடியை மாட்டினார்கள். அந்தத் தாழ்வாரத்தில் யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் அவரவர் ஆளின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே பார்த்தேன்.

ஸ்கேன் எடுத்து வந்தபின், உடல் முழுக்க மூடிய உடையில் ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

“இவருக்கு மூச்சுத் திணறல் எதுவும் இல்லையா?”

“இல்ல டாக்டர். நல்லாப் பேசினாரு, நடந்தாரு.”

“இந்த நோயில அப்படி ஆகும். ஆக்சிஜன் குறைஞ்சாலும் சிலருக்கு உடம்பு கத்தாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

செபமாலையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “நாங்களும் ஒரே மூச்சில எண்ணச் சொல்லித்தான் பார்ப்போம். இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம். ஸ்கேன்ல நுரையீரல் பாதிக்கு மேல பாதிச்சிருக்கு. ஸ்டீராய்டு (உள்ளே உள்ள அழற்சியைத் தணிக்கும் மருந்து) போடறோம். எனக்கு இப்ப உறுதி எதுவும் சொல்ல முடியாதும்மா” என்றார். பொய்யாகத் தேற்றாமல் பேசிய அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

படுக்கை கிடைத்ததும் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பிப் பார்த்துக் கையைக் காதுக்குக் கொண்டுபோய்ப் போன் எடுப்பதுபோல் காட்டினார்.

பின்கட்டு அறைக்குள் நுழைந்ததற்கான கூலி எனக்கும் வந்தது. எனக்குத் தொண்டை வலி, காய்ச்சல், வாசனை தெரியாத நிலை. கபசுரக் குடிநீரைக் காய்ச்சும்போது வீடே கசக்கும். அன்று வெறும் வெந்நீர் மாதிரி இருந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியானது. எனக்கு லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது. நான் ஒழுங்கு செய்த பின்கட்டு அறையில் இப்போது நான் இருந்தேன். கதவைச் சாத்தவில்லை. ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, நான் அதை விலக்கிக் காட்ட, ஜெனி எட்ட நின்று என் விரலில் உள்ள எண்ணைத் தானே பார்த்துக்கொள்ளும்படி வைத்தோம். தனம் கஞ்சியும் துவையலும் செய்து எங்கள் மதில்மேல் வைத்துவிட்டு, “வெச்சுட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். எனக்கு அதன் ருசி தெரியவில்லை. சாப்பிட்டேன்.

தினமும் ஏழு மணிக்குப் போன் செய்தேன். அவருக்குப் பேசக்கூடாது என்று உத்தரவு. குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள் (அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஆக்சிஜன் நன்றாக ஏறுமாம்). அதனால் வீட்டுத் தலைவரின் பாதியை நான் சொன்னேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுவே முதல் முறை. மறு பாதியை ஜெனி திரைக்கு வெளியே சொன்னாள். ஒவ்வொன்றும் முடியும்போது லூர்து போனில் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். பின்னால் ஆக்சிஜன் சீறும் சத்தம் கேட்கும். அந்தத் தட்டு வரும்வரை நான் அடுத்ததைத் தொடங்கமாட்டேன்.

ஒரு மாலை போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஜெனி இரண்டு கையையும் நீட்டிக் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க மம்மி போற? நீ போனா உள்ள விடுவாங்களா? உன்னால நாலு பேருக்கு வரணுமா?”

“எடுக்கலன்னா வருவேன்னு சொன்னேன்டி.”

“டாடிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இரு. நான் ஆஸ்பத்திரி நம்பர்ல கேக்கறேன்.”

போனைக் காதில் வைத்துக்கொண்டும் அவள் கேட்டை விடவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். மாதாவைத் திட்டினேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் திரும்பக் கூப்பிட்டார். ஆக்சிஜன் இன்னும் குறைந்ததால் அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் தரும் கருவி உள்ள படுக்கைக்கு மாற்றியிருந்தார்கள். போன் பழைய கட்டிலிலேயே இருந்துவிட்டது. “இருக்காரும்மா. கண் திறந்து பாக்கறாரு. நாளைக்குப் போனைக் கையில குடுக்கறேன்” என்றார். இருக்கார் என்ற சொல்லை நான் வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

மறுநாள் முதல் செபம் முடிந்ததும் காத்திருந்தேன். சீறும் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. பிறகு தட்டு வந்தது. ஜெனி திரைக்கு வெளியே தேம்பினாள். நான் அடுத்ததைத் தொடங்கினேன்.

அதிலிருந்து மெல்ல ஏறினார். அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டை உடம்பில் தொங்கியது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்வர நடுவில் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது. வெல்டிங் மெஷினைத் தோளில் தூக்கியவர் சீப்பைத் தூக்கித் தலை வாரிவிட்டு இளைப்பாறினார். பிழைத்து வந்த பிறகு நோய் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வந்த பிறகுதான் அவர் அதிகம் பயந்தார். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்திருந்தார்கள் (குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும், நுரையீரலுக்கு அது பயிற்சி). ஒரு பந்து அசைவதற்கே முகம் சிவந்துவிடும். “இது போன மூச்சு மேரி, வராது” என்று கருவியைத் தள்ளிவைப்பார். நான் எடுத்துக் கையில் கொடுப்பேன். மறுபடி தள்ளுவார், மறுபடி கொடுப்பேன். ஸ்டோர்ஸ்காரியிடம் சரக்கைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு சுலபம் இல்லை.

அப்போது ஒரு விஷயமும் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் ஒரு விடியற்காலையில் இறந்துவிட்டாராம். அவர் முகத்தைத் தான் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டதாகச் சொன்னார். “அவங்க ஊட்டு ஆளுங்க பாத்துருக்க மாட்டாங்கல்ல. யாராவது பாக்கணும்னு பாத்தேன்.” சேசுராஜ் அண்ணனைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூச்சு வருகிறதா என்பதை நாங்கள் செபத்தில் பார்த்துக்கொண்டோம். நான்காவது வார்த்தையில் நின்றது, ஐந்தாவதுக்குப் போனது, பிறகு ஏழாவதுக்கு. எதிர்ஜன்னலில் தனமும் கேட்டுக்கொண்டிருப்பாள். “இன்னிக்கி இன்னும் ஒரு வார்த்த போயிருக்காரு” என்று கிண்ணத்தை நீட்டும்போது சொல்வாள். சில நாட்கள் பின்னுக்கும் போனது. அன்றைக்கு அவள் வாய் திறக்கமாட்டாள்.

நடக்கத் தொடங்கி, வேலைக்கும் அரை நாள் போகத் தொடங்கியதும் லூர்து முதலில் செய்த காரியம், பின்கட்டு அறைக் கதவில் ஒரு சதுரம் அறுத்துக் கண்ணாடி பொருத்தியது. உள்ளே படுத்திருப்பவரின் முகமும், அவர் விரலில் உள்ள எண்ணும் வெளியே நிற்பவருக்குத் தெரியும். பிசிறடித்த மரத்தைத் தேய்த்துக்கொண்டே, “இனிமே எவனும் பொய் சொல்ல முடியாது” என்றார்.

வீட்டில் என்ன வாங்கி வைக்க வேண்டும் என்று என்னிடம் இப்போதும் கேட்கிறார்கள். அரிசியும் மாத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் நோய் இல்லாத ஒரு நாளில் எல்லோரும் உட்கார்ந்து, உனக்கு எதைக் கண்டால் பயம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் இருந்தது. அந்தப் பேச்சு மட்டும் இல்லை. அது இல்லாதது ஒரு உயிரைக் கேட்டிருக்கும்.

என் உடம்பும் பழைய உடம்பு இல்லை. வாசனை திரும்பி வந்துவிட்டது, ஆனால் காது மாறிவிட்டது. அம்பத்தூர் ஸ்டேஷனில் படியேறும்போது முன்னால் போகிறவர் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறார் என்று கவனிக்கிறேன். கம்பெனியில் யாராவது போனில் பேசினால் வாக்கியத்தின் நடுவில் நிற்கிறார்களா என்று கேட்கிறேன். முன்பெல்லாம் ஒரு நாள் என்பது எனக்கு முடிக்க வேண்டிய வேலைகள். இப்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மே மாதம் வந்தது. பழையபடி வீட்டுக்கு வீடு செபமாலை. எங்கள் முறை வந்த மாலை லூர்து கூடத்தில் உட்கார்ந்து தொடங்கினார். முதல் மங்கள வார்த்தையை, முழுப் பாதியையும், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பழைய வேகம். எங்களுக்கு மறு பாதி மறந்துபோய்விட்டது. ஜெனி வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்திருந்த எதிர்ஜன்னலிலிருந்து தனத்தின் குரல் வந்தது.

“இன்னா அண்ணாத்தே, பஸ் வந்துடுச்சா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. லூர்துவும் சிரித்தார். பிறகு நாங்கள் எங்கள் பாதியைச் சொன்னோம். முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார் என்று என் நாக்கு வழக்கம்போல அவசரப்பட்டது. அவர் தொடங்கவில்லை. கடைசி வார்த்தையும் முடிந்து கூடம் அமைதியானது. அவர் பக்கம் சாய்ந்து, “மூச்சு வாங்குதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இல்ல மேரி” என்றார். “நீங்க முடிக்கட்டும்னு காத்துகினு கீறேன்.”